மின்னொலி திரும்பி வருகிறதா, மறைவிலிருந்து வெளிவருகிறதா?

திருகோணமலையின் கடற்கரைகளான உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளின் பருவம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை நீளும். அந்த மாதங்களில் கடற்கரை விடுதிகளில் எந்தப் பாடல் ஒலிக்கிறதோ, அதுவே சில வாரங்களில் நகரத்து முச்சக்கர வண்டிகளிலும் ஒலிக்கத் தொடங்கும் என்பதை நான் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கிற்றார் ஒன்றும் காதோடு பேசும் குரல் ஒன்றுமாகப் பாடல்கள் ஒலித்தன. இப்போது சீரான நான்கடித் தாளமும், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் கருவியின் இடைவிடாது சுழலும் வரிகளும், பலவாறு உருமாற்றப்பட்ட குரல்களும் ஒலிக்கின்றன. திருமண வீடுகளில் நெடுங்காலம் கீபோட் வாசித்தவன் என்பதால், “அண்ணை, பழைய டிஸ்கோ சவுண்ட் திரும்ப வருகுதோ?” என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி சிறியது. ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாற்றைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னொலி வெகுசன இசையை விட்டு ஒருபோதும் நீங்கவில்லை. சில காலங்களில் அது தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு முன்னால் நிற்கிறது. வேறு சில காலங்களில் மரத்தாலும் தோலாலும் ஆன வாத்தியங்களின் சாயலை அணிந்துகொண்டு பின்னால் நின்று வேலை செய்கிறது. 2019ஆம் ஆண்டளவில் அது மீண்டும் முன்னால் வரத் தொடங்கியது. அதனோடு சேர்ந்து வந்த இன்னொன்றைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: ஒரு சிறு ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்க, அதற்குள் நிகழும் நுண்ணிய மாற்றங்களுக்காகக் காத்திருக்கும் பொறுமை, வெகுசனப் பாடலுக்குள் மறுபடியும் நுழைந்திருக்கிறது.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1977இல் டொனா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ பாடலுக்குப் போக வேண்டும். ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஜோர்ஜியோ மொரோடரும் பீற் பெலொட்டும் உருவாக்கிய அந்தப் பாடலில், குரலையும் அடிமேளத்தையும் தவிர்த்து மற்றெல்லாம் மூக் சிந்தசைசரிலிருந்து பிறந்தவை. அந்த இயந்திரம் சூடேறியவுடன் சுருதி விலகிவிடும் இயல்புடையது. ஆகவே சில விநாடிகள் பதிவு செய்வதும், நிறுத்திச் சுருதி சேர்ப்பதும், மறுபடி பதிவு செய்வதுமாகவே வேலை நடந்தது. அடிமேளத்துக்குத் தேவையான கனத்தை அதிலிருந்து பெற முடியாததால், கீத் ஃபோர்சி என்ற கலைஞர் தன் காலாலேயே அதை வாசித்தார். இயந்திர இசையின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டாடப்படும் பாடலின் இதயத்துடிப்பு ஒரு மனிதனின் கால் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மின்னிசையை உணர்ச்சியற்ற இசை என்று சொல்பவர்களோடு பேசும்போதெல்லாம் இதை நான் நினைவூட்டுவதுண்டு.

அடுத்து வந்தது யப்பானின் ரோலன்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம். 1980இல் சந்தைக்கு வந்து, ஏறத்தாழ 12,000 கருவிகள் செய்யப்பட்ட பின்னர் 1983இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. உண்மையான டிரம்ஸ் போல அது ஒலிக்கவில்லை என்பதே அன்றைய குறை. ஆனால் விலை வீழ்ந்து பழைய பொருள் கடைகளுக்கு வந்தபோது, பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பணம் கட்ட இயலாத அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் கைகளுக்கு அது எட்டியது. அதன் நீண்டு அதிரும் அடித்தொனி ஹிப்ஹொப் இசையின் அத்திவாரமாகியது. சிக்காகோவின் ஹவுஸ், டெட்ரொயிட்டின் டெக்னோ என்னும் ஆட்ட இசை வகைகளும் இத்தகைய மலிந்துபோன பெட்டிகளிலிருந்தே எழுந்தன. அந்தக் கருவியின் முகப்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளை இரண்டிரண்டாகப் பிரித்தால் கிடைப்பதும் அதே பதினாறுதான். தொடையில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு அந்தப் பெட்டி அந்நியமாக இருப்பதில்லை.

அதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் மும்பையின் சரண்ஜித் சிங். இந்தித் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த அவர், 1982இல் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 ஆகிய மூன்று ரோலன்ட் கருவிகளை இணைத்து, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அன்று அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர். 2010இல் அந்த இசைத்தட்டு மறுபடி வெளியானபோது, சிக்காகோவில் பின்னர் பிறந்த அசிட் ஹவுஸ் இசையோடு அதற்கு இருந்த ஒற்றுமை உலகை வியக்க வைத்தது. சுருதியில் நின்று ஒரு இராகத்தை மெல்ல விரிப்பதற்கும், ஒரே சுற்றை வைத்துக்கொண்டு ஒலியின் நிறத்தை மெல்ல மாற்றுவதற்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்பதற்கு அந்தத் தட்டைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

தமிழ்த் திரையிசையிலும் இந்த வரலாறு நீளமானது. 1986இல் ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாடலில் இளையராஜா சிந்தசைசரை மறைக்காமல் முன்னிறுத்தினார். அதே ஆண்டில் ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினியின் துணையோடு இசை கோத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ஏ.ஆர். ரகுமான், ஏற்கெனவே பதிந்த துண்டுகளிலிருந்து மாதிரியெடுத்த ஒலிகளையும் மனிதர் வாசித்த வாத்தியங்களையும் பிரித்தறிய முடியாதபடி கலந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலங்களுக்கும் தடை இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு மக்கள் கசெட்டில் பாட்டுக் கேட்டார்கள். என் பெரியம்மாவின் மகன் ரகுமானை அப்படித்தான் முதலில் கேட்டார். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டின் சுருதியும் இறங்கிவிடும் என்று அவர் சொல்வார். கணினியில் துல்லியமாக அளந்து வைக்கப்பட்ட தாளம், கேட்பவரின் தோள் வலிமையைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் ஒலித்த அந்த நாட்களை எந்த இசை வரலாற்று நூலும் பதிவு செய்ததாக நான் அறியேன், செய்ய வேண்டும்.

திருகோணமலையில் எங்களுக்கு மின்சாரம் இருந்தது. வழி நெடுகச் சோதனைச் சாவடிகளும் இருந்தன. முன்னர் பத்துப் பன்னிரண்டு பேராக மேடையேறிய இசைக்குழுக்கள் மூன்று நான்கு பேராகச் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு சாவடியிலும் டிரம்ஸ் செட்டை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்றுவதைவிட, ஒரு யமஹா கீபோட்டும் ஒரு ஒக்டபாட்டும் எடுத்துச் செல்வது எளிதாக இருந்தது. ரோலன்ட் 1985இல் அறிமுகப்படுத்திய ஒக்டபாட்டில் எட்டு இறப்பர்த் தட்டுகள் உண்டு. தபேலாவும் டோல்கியும் பழகியவர் ஒருவர் அதற்கு முன்னால் நின்றால், ஒரு முழுத் தாள வரிசையே அந்த எட்டிலிருந்து எழும். புல்லாங்குழலும் வயலினும் கீபோட்டின் டோன்களாகவே வந்தன. நாதஸ்வரம்கூடச் சில வீடுகளில் அப்படித்தான் ஒலித்தது; அதை வாசித்தபோது நான் மனம் நிறைந்து வாசித்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சீவாளியில் மூச்சு படும்போது பிறக்கும் நடுக்கத்தை அன்றைய டோன் எதுவும் தரவில்லை. ஆயினும் கேட்டவர்கள் அதை மின்னிசை என்று அழைக்கவில்லை. அது அவர்களுக்குக் கலியாண வீட்டுப் பாட்டு, அவ்வளவுதான். கைவாத்தியத்துக்கும் மின்வாத்தியத்துக்கும் இடையே மேற்கில் வரையப்பட்ட கோடு எங்கள் பந்தல்களில் இருக்கவே இல்லை.

மேற்கில் அந்தக் கோடு மிக அழுத்தமாக இருந்ததால்தான் அங்கே மின்னொலி ‘வருவதும்’ ‘போவதும்’ செய்தியாகிறது. 2009 தொடக்கம் 2014 வரை ஈ.டி.எம். என்று அழைக்கப்பட்ட ஆட்ட இசை, வானொலிகளை நிறைத்தது. டேவிட் குவெற்றா, கல்வின் ஹாரிஸ், அவிச்சி போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்கள் பாடகர்களின் பெயர்களுக்கு ஈடாக அச்சிடப்பட்டன. அந்தக் காலப் பாடல்களின் அடையாளம் சைட்செயின் என்னும் உத்தி: ஒவ்வொரு அடிமேளமும் விழும் கணத்தில் மற்ற ஒலிகள் அனைத்தும் தாமாகத் தாழ்ந்து, மறுகணம் மேலெழும். இதனால் பாட்டு முழுவதும் மூச்சு வாங்குவது போன்ற ஓர் அசைவு பிறக்கும். உத்தி நல்லது. ஆனால் எல்லோரும் அதே அமைப்பைப் பின்பற்றி, மெல்ல ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பின்னர் பெரும் ஓசையோடு விழவைக்கும் கட்டமைப்பைப் பாடலுக்குப் பாடல் கையாண்டபோது, கேட்பவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையர், மின்னிசையின் முன்னோடிகளாக இருந்தும், 2013இல் வெளியிட்ட தொகுப்பில் உயிருள்ள வாத்தியக் கலைஞர்களை அழைத்து வாசிக்க வைத்தனர். அந்தத் தொகுப்பு 2014இல் கிராமி விருதின் ஆண்டுக்குரிய சிறந்த தொகுப்பாகத் தெரிவானது. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை அது காட்டியது.

பின்னர் வந்த ஆண்டுகளைத்தான் பலரும் மின்னொலி விலகிப்போன காலம் என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எட் ஷீரன் கிற்றாரோடு தனியாக மேடையேறுபவர். ஆனால் அவருடைய காலடியில் இருக்கும் லூப் பெடல், அவர் சற்று முன்னர் வாசித்ததைப் பதிந்து, சுழற்றி, அடுக்கடுக்காகத் திருப்பித் தருகிறது. அந்தத் தனி மனிதரின் பின்னால் நிற்கும் குழு ஓர் இயந்திரம். பில்லி ஐலிஷ் தன் அண்ணன் ஃபினியஸோடு ஒரு வீட்டின் படுக்கையறையில் உருவாக்கி 2019இல் வெளியிட்ட முதல் முழுத் தொகுப்பில், குரல் காதருகே கிசுகிசுக்கிறது; அதைச் சுற்றியிருப்பவையோ பெரும்பாலும் கணினிக்குள் செய்யப்பட்ட ஒலிகள். குரலின் சுருதியைத் திருத்தும் ஓட்டோ-டியூன் மென்பொருளின் கதையும் இப்படிப்பட்டதுதான். எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997இல் அதை உருவாக்கினார். 1998இல் ஷேர் பாடிய ‘பிலீவ்’ பாடலில் அது வேண்டுமென்றே மிகைப்படுத்தப்பட்டு ஊரறிய ஒலித்தது. அதன்பின் அது எங்கும் பரவியது. ‘இயல்பான குரல்’ என்று நாம் நம்பும் பல குரல்களின் சுருதியை இன்று ஓசையின்றித் திருத்துவது அதுவும் அதையொத்த மென்பொருள்களுமே.

ஆகவே 2019க்குப் பின் நிகழ்ந்ததை, மறைவிலிருந்தது வெளியே வந்ததாகவே நான் காண்கிறேன். அந்த ஆண்டு நவம்பரில் த வீக்கெண்ட் என்ற பாடகர் வெளியிட்ட ‘பிளைண்டிங் லைட்ஸ்’ எண்பதுகளின் சிந்தசைசர் ஒலியை முகத்திலேயே எழுதிக்கொண்டு வந்தது. அமெரிக்க இசை இதழான பில்போர்ட், தன் ஹொட் 100 பாடல் பட்டியலின் வரலாறு முழுவதிலும் முதன்மையான பாடலாக 2021இல் அதை அறிவித்தது. 2020 மார்ச்சில், உலகம் வீடுகளுக்குள் அடைபட்டுக்கொண்டிருந்த நாட்களில், டுவா லிபாவின் ஆட்டப் பாடல் தொகுப்பு வெளியானது. 2022 ஜூனில் டிரேக்கும், ஜூலையில் பியோன்சேயும் ஹவுஸ் இசைக்குத் திரும்பினார்கள். 2024 ஜூனில் சார்லி எக்ஸ்சிஎக்ஸ் வெளியிட்ட ‘பிராட்’ தொகுப்பின் பெயரையே கொலின்ஸ் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தது.

இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. த வீக்கெண்டின் பாடலில் எண்பதுகளின் ஒலி அழகான உடையாக அணியப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது வழக்கமான பல்லவியும் சரணமும் கொண்ட பாடல். நான் அதை விரும்பிக் கேட்கிறேன், ஆயினும் அது ஏக்கத்தின் இசை. பியோன்சேயின் ‘ரெனைசான்ஸ்’ தொகுப்பு வேறு வகையானது. அதில் பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் கடந்து செல்கின்றன. பழைய மண்டபங்களில் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர்களின் முறையையே அது மீட்டெடுக்கிறது. குரல் அங்கே அரசி போல் எப்போதும் முன்னால் நிற்பதில்லை. சில இடங்களில் அது தாளத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. உலகின் மிகப் பெரிய பாடகிகளில் ஒருவர் தன் குரலைத் தாளத்துக்குள் கரைய விடுகிறார் என்றால், அதைத்தான் நான் திரும்பி வருதல் என்று சொல்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே பியோன்சே 2024இல் கன்ட்ரி இசைக்குப் போனார். அதே ஆண்டில் ஷபூசி என்பவர் பாடிய கன்ட்ரிப் பாடல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. வெகுசன இசை முழுவதும் ஒரு திசையில் திரும்பிவிட்டது என்று யாராவது எழுதினால் அதை நம்ப வேண்டாம். ஆனால் இன்றைய கன்ட்ரிப் பாடல்கள் பலவற்றின் அடித்தளத்தைக் கூர்ந்து கேட்டால், கிற்றாருக்குக் கீழே 808இன் வாரிசுகள் துடிப்பது கேட்கும்.

எங்கள் தீவில் இந்தத் திரும்புதல் வேறொரு சுவரில் வந்து முட்டுகிறது. மேற்கிலிருந்து வரும் ஆட்ட இசை நான்கு நான்காக எண்ணப்படுவது. எங்கள் கால்களோ ஆறுக்குப் பழகியவை. போர்த்துக்கேயரோடும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களோடும் வந்து, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் உயிர்த்திருக்கும் கஃப்ரிஞ்ஞா என்னும் ஆட்ட இசையும், அதிலிருந்து கிளைத்த பைலாவும் ஆறு துடிப்புகளின் ஊசலாட்டத்தில் நடப்பவை. தமிழ்க் குத்துப் பாடல்கள் பலவும் அவ்வாறே. பைலாவை நான்கடித் தாளத்துக்குள் அழுத்திச் செய்யும் ரீமிக்ஸுகளில், மூன்றாவது துடிப்பு சற்றே பிந்தி விழும் அந்தத் துள்ளல் செத்துப்போகிறது. குற்றம் இயந்திரத்தினுடையது அல்ல, ஏனெனில் எந்த இசை மென்பொருளிலும் சுற்றை மூன்று மூன்றாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. நான்கே இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்ட காதுதான் அதைத் தேடுவதில்லை. நீண்டு ஒலிக்கும் ஆட்ட இசையின் பொறுமை எங்களுக்குப் புதிதும் அல்ல. மேடைகளிலும் தூரப் பயண பஸ்களிலும் பாட்டுக்குப் பாட்டு நிற்காமல் தாளத்தைத் தொடர்ந்து கொண்டுபோகும் நொன்ஸ்டொப், பியோன்சே மீட்டெடுத்த அதே முறையின் எங்கள் வடிவம். கீபோட்டில் தாளத்தை ஓடவிட்டுப் பாடகர் அடுத்த பாட்டை நினைவுக்குக் கொண்டுவரும் வரை நாங்கள் ஒரே சுற்றை வாசித்துக்கொண்டிருப்போம். ஆடுபவர்கள் உண்மையில் கரைந்துபோவது அந்தப் பாட்டில்லாத இடைவெளியில்தான் என்பதை நான் மேடையில் நின்று பலமுறை கண்டிருக்கிறேன்.

எங்கள் மண்ணோடு தொடர்புடைய ஒருவர் இந்த இணைப்பை முன்னரே செய்து காட்டினார். லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட ‘அருளர்’ தொகுப்பின் பாடல்களை ரோலன்ட் எம்சி-505 என்ற ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கட்டத் தொடங்கினார். 2007இல் வந்த ‘கலா’ தொகுப்பில் உறுமியின் ஒலி மின்தாளங்களுக்கு நடுவே கர்ச்சிக்கிறது. உறுமியின் தோலை வளைகோலால் தேய்க்கும்போது எழும் அந்த இழுவையான உறுமல், எந்தச் சிந்தசைசரின் அடித்தொனிக்கும் குறைந்ததல்ல. அவர் அதை அலங்காரமாகத் தூவவில்லை. பாட்டின் முதுகெலும்பாக வைத்தார். மேற்கத்திய வெகுசன இசையில் மின்னொலியின் வரவுகளைப் பட்டியலிடுபவர்கள் அவரை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது மடிக்கணினியும் எஃப்எல் ஸ்டூடியோ என்னும் இசை மென்பொருளும் இருந்தால் போதும். ஒரு காலத்தில் எங்கள் குழு முழுவதும் சேர்ந்தும் வாங்க இயலாதிருந்த ஒலிகள் அனைத்தும் ஒருவர் கையில் இருக்கின்றன. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த அமாபியானோ என்னும் ஆட்ட இசையை இங்குள்ள இளைஞர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். தைலா என்ற பாடகியின் ‘வோட்டர்’ பாடல் 2023இல் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. லொக் டிரம் என்று அவர்கள் அழைக்கும் அதன் அடித்தொனி நேர்க்கோட்டில் விழாமல் இடறி இடறி விழுவதால், எங்கள் ஆறு துடிப்புக்கு அது ஈ.டி.எம்.மைவிட நெருக்கமானது. பாலையூற்றுப் பக்கம் வசிக்கும் இளைஞர் ஒருவர் அந்த அடித்தொனியின் மேல் கஃப்ரிஞ்ஞா வயலினையும், கோயில் வீதியில் தன் கைத்தொலைபேசியில் பதிவு செய்த தவில் சொற்களையும் வைத்து ஒரு துண்டு செய்திருக்கிறார். முதல் இரண்டு நிமிடங்களுக்கு அதில் குரலே இல்லை. தவில் மெல்ல மெல்ல வயலினை நெருங்கிக்கொண்டே இருக்கிறது. வரும் ஆவணியில் ஒரு கலியாண வீட்டில் அதை ஒலிக்கவிடப் போகிறார். நீளம் கூடிவிட்டது, மூன்று நிமிடத்துக்குள் சுருக்கட்டுமா என்று கேட்டார். ஒரு விநாடியையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.